பேரரசரை சாமியா கும்பிட்ட ரோம் பூசாரிச் சங்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோம்ல பேரரசர் வழிபாடுன்னு பேச்சு எடுத்தாலே "ராஜாவுக்கு ஜால்ரா, வேற என்ன"ன்னு ஒரே வரியில முடிச்சுடுறாங்க. எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல. இந்த வழிபாட்ட நடத்துன சங்கங்கள்ல யார் உக்காந்திருந்தாங்க, யார் பணம் போட்டாங்க, யாருக்கு என்ன கிடைச்சுச்சுன்னு பாத்தா அந்த சமூகம் எப்படி இயங்குச்சுங்கறதே தெரிய வரும். திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு ஒரே இடத்துல பதில் இருக்கட்டும்னு எழுதியிருக்கேன்.

முதல் சங்கம் எது, யார் ஆரம்பிச்சது?

சொடாலெஸ் அகஸ்டாலெஸ். கி.பி. 14ல ரெண்டாவது பேரரசர் டைபீரியஸ் ஆட்சிக்கு வந்த கையோட ஆரம்பிச்சது. அந்த வருஷம் ஆகஸ்ட் 19ந் தேதி நோலாங்கற ஊர்ல முதல் பேரரசர் அகஸ்டஸ் செத்துப்போனார், செப்டம்பர் 17ந் தேதி செனட் கூடி அவர தெய்வம்னு அறிவிச்சுது. தெய்வம்னு ஆயிட்டா கோயில் வேணும், பூசாரி வேணும், வருஷா வருஷம் சடங்கு நடத்த ஆள் வேணும் இல்லையா, அதுக்காகத்தான் இந்த சங்கம்.

ரோமன் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இத எழுதும்போது ஒரு பழைய கதையோட சேத்து சொல்றார். ஆதி காலத்துல டைட்டஸ் டாடியஸ்னு ஒரு சபைன் ராஜா, தன் ஜனங்களோட சடங்கு அழிஞ்சு போகக்கூடாதுன்னு சொடாலெஸ் டிடியின்னு ஒரு சங்கம் வச்சாராம், அதே மாதிரி இதுன்னு. ரோமர்கள் எந்தப் புது விஷயத்தையும் இது புதுசுன்னு ஒத்துக்க மாட்டாங்க, எப்படியாவது ஒரு பழைய முன்னுதாரணத்தத் தேடிப் பிடிச்சுடுவாங்க. இங்கயும் அதான் நடந்துச்சு.

ஒரு மனுஷன் செத்ததும் சாமி ஆனதா எப்படி முடிவு பண்ணாங்க?

செனட்ல தீர்மானம் போட்டுத்தான். ஆனா அதுக்கு சாட்சி ஒண்ணு இருந்தா நல்லதுன்னு நெனச்சாங்க. நுமெரியஸ் அட்டிகஸ்னு ஒருத்தர், முன்னாடி பிரீட்டர்ங்கற உயர் நீதி அதிகாரியா இருந்தவர், அகஸ்டஸ் வானத்துக்கு ஏறிப் போறத என் கண்ணால பாத்தேன்னு சத்தியம் பண்ணார். ரோம் நகரத்த உண்டாக்கினதா சொல்ற ரோமுலஸ் காணாமப் போனப்பவும் இதே மாதிரி ஒருத்தர் சாட்சி சொன்னதா அவங்க கதையில உண்டு, அதனால இது கேக்கறவங்களுக்கு பழகின விஷயமாத்தான் இருந்திருக்கும். அந்த அட்டிகஸுக்கு அகஸ்டஸோட மனைவி லிவியா பத்து லட்சம் செஸ்டெர்ஸ் (ரோமன் காசு) குடுத்ததா வரலாற்றாசிரியர் டியோ எழுதியிருக்கார். செனட்டரா இருக்கறதுக்கே அவ்ளோ சொத்து வேணும்னு அகஸ்டஸ் வச்ச அளவும் அதே பத்து லட்சம்தான், அதனால அது எவ்ளோ பெரிய தொகைன்னு நீங்களே பாத்துக்கலாம்.

எல்லா பேரரசரும் சாமி ஆகல, அத மறந்துடக் கூடாது. டைபீரியஸுக்கு அந்த மரியாதை கிடைக்கல. கலிகுலாவுக்கும் டொமிஷியனுக்கும் கிடைக்கவே இல்ல. அதாவது, ஒருத்தரோட ஆட்சி எப்படி இருந்துச்சுன்னு அவர் செத்த பிறகு செனட் குடுக்கற தீர்ப்பு மாதிரி இது ஆயிடுச்சு. என்ன, அடுத்து வர்ற பேரரசருக்கு எது வசதியோ அதுவும் அந்த தீர்ப்புல கலந்துதான் இருக்கும்.

சங்கத்துல யார் யார் இருந்தாங்க?

ரோம்ல மேல்மட்டத்துல இருந்த பெரிய மனுஷங்கள்ல 21 பேர குலுக்கல் போட்டு எடுத்தாங்க. அது போக டைபீரியஸ், அவர் மகன் ட்ரூசஸ், அவரோட தம்பி பிள்ளைங்க ஜெர்மானிக்கஸும் கிளாடியஸும், ஆக ராஜ குடும்பத்துல இருந்து நாலு பேர். இதுல கிளாடியஸ் வந்தது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. கால் நடுக்கம், திக்குவாய்னு சொல்லி அவர குடும்பமே ஒதுக்கி வச்சிருந்துச்சு, எந்த அரசியல் பதவியும் குடுக்காம வீட்டோட உக்கார வச்சிருந்தாங்க, அப்படிப்பட்டவர குலுக்கல் இல்லாம சிறப்பு அனுமதியில சேத்துக்கணும்னு செனட் முடிவு பண்ணதா பேரரசர்களோட வாழ்க்கைக் கதைகள எழுதின சூட்டோனியஸ் சொல்லியிருக்கார். இருபத்தி ஏழு வருஷம் கழிச்சு அவரே பேரரசர் ஆனார், செத்த பிறகு அவரும் சாமி ஆகி, இதே சங்கத்தோட பேருல அவர் பேரும் சேந்துடுச்சு.

பின்னாடி பேரரசரான கால்பாவும் இதுல உறுப்பினர். அவர்கிட்ட இருந்த மூணு பூசாரிப் பதவியில இது ஒண்ணு. பொதுவா இதுல சேந்தவங்க முழு நேரப் பூசாரி கிடையாது. இன்னைக்கு படைத் தளபதி, நாளைக்கு மாகாண ஆளுநர், அதுக்கு நடுவுல பூசாரி, ரோம்ல அப்படித்தான். கல்வெட்டுல தன் பதவிகள வரிசையா செதுக்கும்போது இதையும் பெருமையா சேத்துப்பாங்க.

இந்த சங்கம் இல்லாம அகஸ்டஸுக்குன்னு தனியா ஃப்ளாமென்னு ஒரு பூசாரியும் இருந்தார், முதல் ஆள் ஜெர்மானிக்கஸ்.

சரி, அவங்க உண்மையில என்ன வேலை பாத்தாங்க?

வருஷத்துல குறிப்பிட்ட நாள்கள்ல பலி குடுக்கறது, சாம்பிராணி போடறது, ஒயின் ஊத்தறது, சேந்து விருந்து சாப்பிடறது. பலின்னா மாடு, அதோட குடல ஆராய்ஞ்சு குறி பாக்கறதுன்னு வழக்கமான ரோமன் சடங்கு எல்லாம் உண்டு. அவங்களோட பதிவேடு கல்லுல செதுக்கினது துண்டு துண்டா கிடைச்சிருக்கு, முக்கியமா பொவில்லேங்கற ஊர்ல. அப்பியன் சாலையில ரோமுக்கு தெக்க இருக்கற சின்ன ஊர்தான் அது, ஆனா அகஸ்டஸ் சேந்த ஜூலியஸ் குடும்பத்தோட பூர்வீக சடங்குகள் அங்கதான் நடந்துச்சு. நோலாவுல இருந்து அகஸ்டஸ் உடம்ப வழிநெடுக ஊர் சபைக்காரங்க ராத்திரி ராத்திரியா தூக்கிட்டு வந்து, பொவில்லேல வச்சுத்தான் ரோமோட குதிரைவீரர் வகுப்புக்காரங்க, அதாவது செனட்டர்களுக்கு அடுத்த படியில இருந்தவங்க, கையில ஒப்படைச்சாங்க. 16ம் வருஷக் கடைசியில அங்க அந்த குடும்பத்துக்குன்னு ஒரு கோயிலும் அகஸ்டஸுக்கு ஒரு சிலையும் வச்சாங்க. ஆக இது ஒரு குடும்பத்தோட குலதெய்வ வழிபாடா ஆரம்பிச்சு, அரசாங்க வழிபாடா ஆன கதை.

அந்த குடும்ப சம்பந்தத்த டைபீரியஸே வெளிப்படையா சொல்லியிருக்கார். 22ல லிவியாவுக்கு உடம்பு ரொம்ப முடியாம போச்சு, அவங்க நல்லபடியா தேறணும்னு பெரிய விளையாட்டு விழா நடத்த செனட் முடிவு பண்ணுச்சு. பான்டிஃப், ஆகர் மாதிரி நாலு பெரிய பூசாரிக் குழுவோட சேத்து அகஸ்டாலெஸும் அந்த விழாவ நடத்தணும்னு தீர்மானம். அப்போ ஒரு செனட்டர் எழுந்து, ஃபெடியாலெஸ்னு இன்னொரு குழுவையும் சேத்துக்கலாம்னார். டைபீரியஸ் முடியாதுன்னுட்டார். அகஸ்டாலெஸ சேத்ததே, யாருக்காக நேர்ந்துக்கறோமோ அந்த வீட்டோட சொந்தப் பூசாரிங்க அவங்கங்கறதாலதான், மத்த குழுவுக்கெல்லாம் அந்த உரிமை கிடையாதுன்னு வாதாடினார்.

19ல ஜெர்மானிக்கஸ் அந்தியோக்கியாவுல செத்தப்போ இன்னொரு ஏற்பாடு பண்ணாங்க. தியேட்டர்ல அகஸ்டாலெஸ் உக்கார்ற இடத்துல அவருக்குன்னு நாற்காலி போட்டு, அதுமேல ஓக் இலை கிரீடம் வைக்கணும்னு உத்தரவு. ஆள் இல்ல, நாற்காலி மட்டும் சக பூசாரிங்களுக்கு நடுவுல. அந்த உத்தரவு வெண்கலத் தகட்டுல பொறிச்சது இத்தாலியிலயும் ஸ்பெயின்லயும் தோண்டி எடுத்த துண்டுகள்ல கிடைச்சிருக்கு, அதாவது டாசிட்டஸ் சொன்னதும் தகடு சொல்றதும் பொருந்திப் போகுது. பழைய வரலாற்றுல இப்படி ரெண்டு பக்கமும் ஒத்துப் போறது அபூர்வம்.

உயிரோட இருக்கற பேரரசர கும்பிடலியா?

ரோம் நகரத்துக்குள்ள நேரடியா இல்ல. உயிரோட இருக்கறவரோட ஜீனியஸுக்கு, அதாவது அவர் கூடவே பிறந்து காவலா இருக்கற சக்திக்கு, பலி குடுப்பாங்க. தெருமுனைக் கோயில்கள்ல இருந்த லாரெஸ் தெய்வங்களோட கி.மு. 7ல அகஸ்டஸோட ஜீனியஸும் சேந்துச்சு. அந்த தெருமுனைப் பூசைய ஒவ்வொரு வட்டத்துக்கும் நாலு பேர் பாத்துக்கிட்டாங்க, அவங்கள்ல பெரும்பாலானவங்க அடிமையா இருந்து விடுதலையானவங்க. 73ல எடுத்த கணக்குப்படி ரோம்ல அந்த மாதிரி 265 வட்டம் இருந்துச்சுன்னு ரோமன் எழுத்தாளர் மூத்த பிளினி சொல்றார்.

கிழக்கு மாகாணங்கள்ல கதையே வேற, அங்க உயிரோட இருக்கும்போதே கோயில் கட்டுவாங்க. அதுக்கு கீழ தனியா வர்றேன்.

ஒவ்வொரு பேரரசருக்கும் தனித்தனி சங்கமா?

ஒரு கட்டம் வரைக்கும் ஆமா. கிளாடியஸ் 54ல செத்ததும் பழைய சங்கமே அகஸ்டாலெஸ் கிளாடியாலெஸ் ஆச்சு. வெஸ்பாசியனுக்கு ஃப்ளாவியாலெஸ், அவர் மகன் டைட்டஸ் 81ல செத்த பிறகு ஃப்ளாவியாலெஸ் டிடியாலெஸ். 138க்கு அப்புறம் ஹேட்ரியனுக்கு ஹேட்ரியனாலெஸ், 161ல அன்டோனினஸ் பயஸுக்கு அன்டோனினியானி. அதுக்குப் பிறகு வந்தவங்களுக்குப் புதுசா சங்கம் தொடங்காம இருக்கறதுலயே பேர சேத்துக்கிட்டாங்க.

டொமிஷியன் இதுல ஒரு படி மேல போனார். 86ல அவர் ஆரம்பிச்ச கேபிடோலைன் போட்டிகள்ல அவர் தலையில ஜூபிடர், ஜூனோ, மினெர்வா உருவம் பதிச்ச தங்கக் கிரீடம், பக்கத்துல ஃப்ளாவியாலெஸ் பூசாரிங்க அதே மாதிரி உடுப்புல, ஆனா அவங்க கிரீடத்துல அந்த மூணு தெய்வத்தோட டொமிஷியனோட உருவமும் இருந்துச்சு. உயிரோட இருக்கற ஒருத்தர் ரோம் நகரத்துக்குள்ள, அதுவும் பொது மேடையில. செனட்டர்களுக்கு அவர ஏன் பிடிக்காமப் போச்சுன்னு புரிஞ்சுக்க இந்த ஒரு காட்சி போதும்.

கல்வெட்டுல ஊருக்கு ஊர் "அகஸ்டாலிஸ்"னு வருதே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லவே இல்ல, இங்கதான் நெறைய பேர் குழம்பறாங்க. ரோம்ல இருந்த சங்கம் செனட்டர்களோடது. ஆனா இத்தாலியோட ஊர்கள்லயும் மேற்கு மாகாணங்கள்லயும் அகஸ்டாலெஸ், செவிரி அகஸ்டாலெஸ்னு வர்றவங்க பெரும்பாலும் விடுதலையான அடிமைங்க, கையில காசு உள்ளவங்க. ரெண்டுக்கும் நிர்வாகத் தொடர்பு எதுவும் கிடையாது. ஊர் அமைப்புதான் காலத்தாலயும் முந்தினது. ரோமுக்கு வடக்க நெபெட்ங்கற ஊர்ல கி.மு. 12 வாக்குலயே "முதல் அகஸ்டாலெஸ் தலைவர்கள்"னு நாலு விடுதலையானவங்க பேரோட கல்வெட்டு இருக்கு, அதுல ஒருத்தர் அகஸ்டஸோட சொந்த அடிமையா இருந்தவர். ரோம்ல சங்கம் வர்றதுக்கு இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி!

இவங்களப் பத்தி ஏறக்குறைய 2500 கல்வெட்டு இருக்கு. ஆனா இவங்களோட பூசை முறைய விவரிக்கிற கல்வெட்டு ரொம்பக் கம்மி. கல்வெட்டுல வர்றதெல்லாம் குடுத்த விருந்து, போட்ட ரோடு, கட்டின கட்டடம், கிடைச்ச மரியாதை. அதனால இவங்கள வெறும் பூசாரின்னு எடுத்துக்கறத விட, ஊர் சபைக்கு அடுத்த படியில நின்ன ஒரு கௌரவ வகுப்புன்னு பாக்கறதுதான் சரின்னு நான் நெனைக்கிறேன்.

ஏன் அடிமையா இருந்தவங்க?

ரோமன் சட்டத்துல ஒருத்தர் அடிமைத்தனத்துல இருந்து முறைப்படி விடுதலையானா குடிமகன் ஆயிடுவார், வியாபாரம் பண்ணலாம், சொத்து சேக்கலாம், அவர் கையில ஊர்ப் பெரிய மனுஷங்கள விட அதிகப் பணமும் இருக்கலாம். ஆனா ஊர் சபையில உக்காரவோ தேர்தல்ல நிக்கவோ முடியாது. 24ல வந்த விசெல்லியா சட்டம் அத எழுத்துலயே உறுதி பண்ணிடுச்சு. பணம் இருக்கு, உழைப்பு இருக்கு, ஊர்ல பேரும் இருக்கு, ஆனா பிறப்பு ஒண்ணு மட்டும் தடுக்குது. அந்தத் தடைய உடைக்காமலே அவங்களுக்குன்னு ஒரு மேடை போட்டுக் குடுத்ததுதான் இந்த அகஸ்டாலெஸ். ஊருக்கு அவங்க காசு கிடைச்சுச்சு, அவங்களுக்கு ஊர் முன்னாடி அதிகாரியோட கரைபோட்ட டோகா அங்கிய போட்டுக்கிட்டு நிக்க வாய்ப்பு கிடைச்சுச்சு, பேரரசருக்கு விசுவாசமான ஒரு கூட்டம் ஊருக்கு ஊர் கிடைச்சுச்சு.

இது நியாயமான ஏற்பாடுன்னு நான் சொல்ல மாட்டேன். சபைக் கதவ அடைச்சு வச்சுட்டு வெளிய ஒரு நாற்காலி போடறதுதான் இது. ஆனா அந்த நாற்காலிய அவங்க எவ்ளோ ஆசையா, பெருமையா ஏத்துக்கிட்டாங்கன்னு அவங்க கல்லறைய பாத்தா தெரியும். பெட்ரோனியஸோட கதையில வர்ற ட்ரிமால்கியோவும் ஒரு செவிர், அதாவது செவிரி அகஸ்டாலெஸ்ல ஒருத்தர்தான், அவர வச்சு இந்த மொத்த கூட்டத்தையும் புதுப் பணக்கார அலட்டல்னு பேசறவங்க உண்டு. மேல்தட்டு எழுத்தாளர் ஒருத்தர் கிண்டலுக்குன்னு உருவாக்கின பாத்திரம் அது. அவங்களே தங்களப் பத்தி செதுக்கி வச்சதப் படிக்காம முடிவு பண்றது ரொம்ப அநியாயம்.

சேர எவ்ளோ செலவாகும்?

சேர்க்கைக் கட்டணம்னு ஊர் கஜானாவுக்கு ஒரு தொகை கட்டணும், பல ஊர்ல 2000 செஸ்டெர்ஸ்ங்கற அளவு தெரிய வருது. அதோட முடியாது. விளையாட்டு விழா நடத்தணும், இல்லன்னா அந்தக் காசுல ஊருக்கு வேற எதாவது பண்ணணும். ஃபலெரியில நாலு பேர் சேந்து, அவங்கள்ல ரெண்டு பேர் எக்னாடியஸ்ங்கற ஒரே குடும்பப் பேர் உள்ளவங்க, விளையாட்டு நடத்தறதுக்குப் பதிலா ஊர்வாசலுக்கு வெளிய இருந்து செரெஸ் கோயில் வரைக்கும் கருங்கல் பாவி ரோடு போட்டிருக்காங்க, சொந்தக் காசுலன்னு கல்வெட்டுல அழுத்திச் சொல்லியிருக்காங்க. விளையாட்டு ஒரு நாள்ல முடிஞ்சுடும், ரோட்டுல தலைமுறை தலைமுறையா ஜனங்க நடப்பாங்க. யோசிச்சுப் பண்ணின செலவு அது.

தெற்கு பிரான்ஸ்ல நார்போ ஊர்ல, 11ம் வருஷம் ஊர் ஜனங்க அகஸ்டஸோட தெய்வ சக்திக்கு ஒரு பலிபீடம் வைக்கிறதா நேர்ந்துக்கிட்டாங்க. அந்தக் கல்வெட்டு நாள் கணக்கு உள்பட எல்லாத்தையும் சொல்லுது. மூணு குதிரைவீரர் வகுப்புக்காரங்க, மூணு விடுதலையானவங்க, ஆறு பேரும் அகஸ்டஸ் பிறந்தநாளான செப்டம்பர் 23ல ஆளுக்கு ஒரு மிருகம் பலி குடுக்கணும், ஊர்க்காரங்களுக்கும் அங்க குடியிருக்கறவங்களுக்கும் சாம்பிராணியும் ஒயினும் தங்க செலவுல குடுக்கணும். மறுநாள், ஜனவரி 1, ஜனவரி 7, மே 31 அன்னைக்கும் சாம்பிராணி, ஒயின் உண்டு. ஜனவரி 7 அவர் முதன்முதலா படை அதிகாரம் ஏத்துக்கிட்ட நாள். மே 31 எதுக்குன்னா, அந்த வருஷம் அந்த நாள்லதான் சாதாரண ஜனங்களோட நீதிபதிகளையும் ஊர் சபையையும் அவர் சேத்து வச்சாராம். அதாவது ஒரு உள்ளூர் தகராறு தீந்த நாளும் பேரரசர் பண்டிகை ஆயிடுச்சு. இந்த மாதிரி இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், பேரரசர் எங்கயோ தூரத்துல இருக்கார், விழா என்னவோ ஊரோட சொந்த விஷயத்துலதான் வேர் விட்டிருக்கு.

பதிலுக்கு அவங்களுக்கு என்ன கிடைச்சுச்சு?

பொது விருந்துல, பணம் பிரிச்சுக் குடுக்கும்போது சபைக்காரங்களுக்கு அடுத்த பங்கு இவங்களுக்கு. பொது இடத்துல முதல் மரியாதை. அதுல உச்சம் பைசெல்லியம், ரெண்டு பேர் உக்கார்ற அளவு அகலமான இருக்கை, தியேட்டர்ல அதுல தனியா உக்காரலாம். பாம்பெய்ல ஹெர்குலேனியம் வாசலுக்கு வெளிய இருக்கற கல்லறைத் தெருவுல கால்வென்டியஸ் குவைட்டஸ்னு ஒரு அகஸ்டாலிஸ் கல்லறை இருக்கு. அவரோட தாராள குணத்துக்காக ஊர் சபை தீர்மானத்தோடயும் ஜனங்க சம்மதத்தோடயும் பைசெல்லியம் குடுத்தாங்கன்னு எழுதி, கீழ அந்த இருக்கையவே புடைப்பா செதுக்கி வச்சிருக்காங்க, கால்மணை உள்பட. அதே தெருவுல முனாடியஸ் ஃபௌஸ்டஸ்ங்கற இன்னொரு அகஸ்டாலிஸுக்கும் தனக்கும் தங்க விடுதலை பண்ண ஆட்களுக்கும்னு நெவோலெயா டிகேங்கற அம்மா கட்டின கல்லறையும் இருக்கு. அவங்களும் அடிமையா இருந்து விடுதலையானவங்கதான். ஒரு பக்கம் பைசெல்லியம், இன்னொரு பக்கம் பாய் சுருட்டிட்டு துறைக்குள்ள வர்ற கப்பல், முன்னாடி ஜன்னல்ல இருந்து எட்டிப் பாக்கற மாதிரி அந்த அம்மாவோட முகம்.

பிள்ளைங்களுக்கு தடை கிடையாதுங்கறது இதுல பெரிய விஷயம். அப்பா சபையில ஏற முடியாது, விடுதலைக்கு அப்புறம் பிறந்த மகன் ஏறலாம். பாம்பெய்ல நிலநடுக்கத்துல இடிஞ்ச ஐசிஸ் கோயில பொபிடியஸ் செல்சினஸ்ங்கற ஆறு வயசுப் பையன் பேர்ல கட்டிக் குடுத்தாங்க, சபை அவன கட்டணம் இல்லாம உறுப்பினரா சேத்துக்கிச்சு. அவன் அப்பா ஆம்ப்லியாட்டஸ் விடுதலையானவர்னுதான் ஆய்வாளர்கள் சொல்றாங்க. இது அகஸ்டாலெஸ் கல்வெட்டு இல்ல, ஆனா அந்தத் தலைமுறை அப்பாக்கள் எதுக்காக இவ்ளோ செலவு பண்ணாங்கன்னு இதவிடத் தெளிவா எதுவும் சொல்லாது.

அவங்க கூடின கட்டடம் இன்னைக்கு பாக்க முடியுமா?

முடியும். பாம்பெய் பக்கத்துல இருக்கற ஹெர்குலேனியம் ஊர்ல அகஸ்டாலெஸ் மன்றம்னு சொல்ற கட்டடம் நல்லா நிக்குது, நடுவுல நாலு தூண், பின்னாடி ஒரு சின்ன பூசை அறை, அதுல ஹெர்குலிஸோட ஜூனோவும் மினெர்வாவும் இருக்கற சுவரோவியம். அங்க கிடைச்ச கல்வெட்டு, அகஸ்டஸுக்கு அர்ப்பணிக்கறப்போ ப்ரோகுலஸ், ஜூலியானஸ்ங்கற ரெண்டு பேர் சபைக்காரங்களுக்கும் அகஸ்டாலெஸுக்கும் விருந்து போட்டாங்கன்னு சொல்லுது. அது ஊர் சபைக் கட்டடமா இருக்கலாம்னு வாதாடறவங்களும் இருக்காங்க, விருந்துப் பட்டியல்ல ரெண்டு பேருமே வர்றதால அந்த வாதத்த சும்மா ஒதுக்கிட முடியாது. அதே கட்டடத்துல ஒரு சின்ன ரூம்ல மரக் கட்டில்ல குப்புறப் படுத்தபடி ஒரு இளைஞரோட எலும்புக்கூடு 1960கள்ல கிடைச்சுச்சு, காவலாளியா இருந்திருப்பார்னு நெனைக்கிறாங்க. 79ல வெசூவியஸ் எரிமலை வெடிச்சப்போ அந்த சூட்டுல அவர் மூளை கண்ணாடியா மாறியிருக்குன்னு 2020ல ஆய்வு வந்து உலகம் முழுக்க செய்தி ஆச்சு. செய்தி படிச்ச நெறைய பேருக்கு அவர் படுத்திருந்த கட்டடம் எதுன்னே தெரியாது.

மிசேனம் இன்னும் அருமை. ரோமோட மேற்குக் கடற்படைத் தளம், மூத்த பிளினி 79ல கப்பல் எடுத்துட்டு கிளம்பின துறை. அங்க 1968ல அகஸ்டாலெஸோட கோயில் கட்டடம் வெளிய வந்துச்சு. உள்ள வெஸ்பாசியன், டைட்டஸ் ரெண்டு பேருக்கும் பளிங்குச் சிலை. கூடவே குதிரைமேல இருக்கற டொமிஷியன் வெண்கலச் சிலை. 96ல டொமிஷியன கொன்னு, அவர் பேரையே எல்லா இடத்துலயும் அழிச்சப்போ, மிசேனம்காரங்க சிலைய உருக்கல. முகத்த மட்டும் வெட்டி எடுத்துட்டு அந்த இடத்துல புதுப் பேரரசர் நெர்வாவோட முகத்த பொருத்திட்டாங்க. வயசான நெர்வாவோட சுருக்கம் விழுந்த முகம், சுத்தி டொமிஷியனோட தலைமுடி, கீழ வீரனோட உடம்பு. இப்போ பாயா கோட்டை மியூசியத்துல இருக்கு, கோயில் முகப்பையும் அங்கயே எடுத்து நிறுத்தியிருக்காங்க.

பெண்களுக்கு இடம் இருந்துச்சா?

இருந்துச்சு, அதுவும் உச்சியில இருந்தே. அகஸ்டஸோட முதல் பெண் பூசாரி லிவியாதான். 42ல கிளாடியஸ் அவங்களயும் தெய்வமா அறிவிச்சார். ஊர் அளவுல மிசேனம் கோயில் முகப்பையே எடுத்துக்கலாம். 165ல காஸியா விக்டோரியாங்கற அம்மா, அகஸ்டாலெஸோட பூசாரி, தன் பேர்லயும் கணவர் லெக்கானியஸ் ப்ரிமிடிவஸ் பேர்லயும் அத கட்டினாங்க. முகப்பு முக்கோணத்துல ரெண்டு வெற்றித் தேவதைங்க தூக்கிப் பிடிச்ச ஓக் வளையத்துக்குள்ள இருக்கறது பேரரசர் முகம் இல்ல, இந்த தம்பதியோட முகம். பேரரசர் கோயிலோட நெத்தியில!

கிழக்குப் பக்கம் எப்படி?

கி.மு. 29லயே ஆசியா மைனர்ல இருக்கற பெர்கமோன்ல ரோமாங்கற நகர தேவிக்கும் அகஸ்டஸுக்கும் கோயில் கட்ட அனுமதி வாங்கிட்டாங்க, அவர் உயிரோட இருக்கும்போது. அங்க பாடகர் சங்கம் ஒண்ணு, ஹிம்னோடாய். ஹேட்ரியன் காலத்துல அவங்க ஒரு பலிபீடத்தோட பக்கங்கள்ல உறுப்பினர் பட்டியலையும் விதிமுறைகளையும் செதுக்கி வச்சாங்க. எந்த நாளுக்கு யார் ஒயினும் ரொட்டியும் பணமும் தரணும், அகஸ்டஸ் உருவத்துக்கு யார் பணியாரம், சாம்பிராணி, விளக்கு ஏற்பாடு பண்ணணும், புதுசா சேர்றவர் என்ன கட்டணும், உறுப்பினர் செத்தா சாம்பிராணிக்கு எவ்ளோன்னு அவ்ளோ விவரம். ரோம் சங்கத்தோட பதிவுகள்ல இல்லாத அன்றாடம் இங்கதான் கிடைக்குது.

எபேசஸ்ல இந்தப் பாடகர்களுக்கு சம்பளமே பெரிய சுமை ஆகி, கிளாடியஸ் காலத்துல ஆளுநர் பௌலஸ் ஃபேபியஸ் பெர்சிகஸ், சம்பளப் பாடகர்கள நிறுத்துங்க, வாலிபப் பசங்க இலவசமா பாடட்டும்னு உத்தரவு போட்டார்.

அர்வால் சகோதரர்களும் இதுல சேர்த்தியா?

நேரடியா இல்ல. அவங்க 12 பேர், தெய்வம் தேயா தியா, விளைச்சலோட சம்பந்தப்பட்ட அம்மன். அகஸ்டஸ் இந்தப் பழைய சங்கத்துக்கு மறுபடி உயிர் குடுத்தார், பேரரசரும் அதுல உறுப்பினர் ஆவார். அதனால நடைமுறையில ஜனவரி 3ல பேரரசர் நலனுக்கு நேர்த்திக்கடன், ராஜ குடும்பப் பிறந்தநாள், தெய்வமான பேரரசர்களுக்கு பலின்னு அவங்க நாள்காட்டி நிறைஞ்சுது. அவங்க பதிவேடு கல்லுல நெறைய கிடைச்சிருக்கறதால, பேரரசர் வழிபாட்டோட தேதி விவரத்துக்கு எல்லாரும் அங்கதான் போவோம்.

நிஜமாவே நம்பினாங்களா?

இந்தக் கேள்விய நம்ம காலத்து மனசோட கேக்கறோம். ரோமன் மதத்துல உள்ள என்ன நம்பறேங்கறது கேள்வியே இல்ல, சடங்க சரியா செஞ்சியாங்கறதுதான் கேள்வி. தாங்க முடியாத அளவு பெரிய அதிகாரத்த எந்த இடத்துல வச்சுப் பேசறதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே மொழி பலியும் சாம்பிராணியும். வெஸ்பாசியன் சாகற நேரத்துல "ஐயோ, நான் சாமி ஆகிட்டு இருக்கேன் போல"ன்னு சொன்னதா சூட்டோனியஸ் எழுதியிருக்கார், அதனால சந்தேகமும் நகைச்சுவையும் அவங்களுக்கும் இருந்துச்சுதான். அதே நேரம், சாம்பிராணிக்கு காசு ஒதுக்கி வச்ச பெர்கமோன் பாடகர வேஷக்காரர்னு சொல்ல எனக்கு மனசு வராது.

எதிர்ப்பே இல்லியா?

இருந்துச்சு, மோசமாவே. பிரிட்டன்ல கமுலோடுனத்துல கிளாடியஸுக்கு கட்டின கோயில, அந்த மக்கள் அந்நிய ஆட்சியோட கோட்டையாத்தான் பாத்தாங்க. பூசாரின்னு நியமிச்சவங்க மதத்தோட பேரால சொத்த எல்லாம் கொட்ட வேண்டியிருந்துச்சுன்னு டாசிட்டஸே ஒத்துக்கறார். 60, 61 வாக்குல பௌடிக்கா ராணியோட கலகத்துல அந்தக் கோயிலுக்குள்ள ஒளிஞ்ச ரோமர்கள் ரெண்டு நாள் முற்றுகையில விழுந்தாங்க. நார்போல ஜனங்க தாங்களா நேர்ந்துக்கிட்டது, இங்க மேல இருந்து திணிச்சது. ரெண்டையும் ஒரே தட்டுல வச்சுப் பேசக் கூடாது.

கிறிஸ்தவங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை ஆச்சு. 112 வாக்குல ஆளுநர் இளைய பிளினி பித்தினியா மாகாணத்துல விசாரிச்சப்போ, பேரரசர் ட்ராஜன் உருவத்துக்கு முன்னாடி சாம்பிராணியும் ஒயினும் வைக்கிறாங்களான்னுதான் சோதிச்சார்.

முசிறியில அகஸ்டஸ் கோயில் இருந்துச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

பியூட்டிங்கர் வரைபடம்னு ரோமன் சாலை வரைபடத்தோட இடைக்காலப் பிரதி வியன்னாவுல இருக்கு. அதுல முசிறி பக்கத்துல ஒரு கட்டடம் வரைஞ்சு "அகஸ்டஸ் கோயில்"னு எழுதியிருக்கு. அவ்ளோதான் ஆதாரம், மண்ணுல இருந்து கோயில் எதுவும் இன்னும் வெளிய வரல. சேரர் துறைமுகத்துல மிளகு வாங்க வந்து காத்துக்கிடந்த வியாபாரிங்க சேந்து ஒண்ணு வச்சிருக்க நல்ல வாய்ப்பு இருக்குங்கறது என் எண்ணம். நார்போலயும் மிசேனத்துலயும் பணம் போட்டது இதே மாதிரி ஆட்கள்தானே.

கோயில விடுங்க, கையில பிடிச்சுப் பாக்கற ஆதாரம் கோயம்புத்தூர், கரூர் பக்கம் புதையல்கள்ல வந்த வெள்ளிக் காசு. அகஸ்டஸோட பேரன்கள் கையஸ், லூசியஸ் நிக்கற காசுல அவங்களுக்கு நடுவுல ரெண்டு கேடயம், அதுக்கு மேல ஒரு கரண்டியும் வளைஞ்ச கோலும் இருக்கும். கரண்டி பான்டிஃபோடது, கோல் ஆகரோடது. டைபீரியஸ் காசுல தலைய சுத்தி "தெய்வமான அகஸ்டஸின் மகன்"னு எழுத்து. இந்தக் காசு எதாவது மியூசியத்துல பாத்தா தலையோட நிறுத்தாம பின்பக்கத்தையும் பாருங்க.

எப்போ நின்னுச்சு?

மூணாம் நூற்றாண்டுல. பேரரசர்கள் வருஷத்துக்கு ஒருத்தர்னு மாறி மாறி கொலையாகி, ஊர் கஜானாவும் காலியாகி, செலவு பண்றதுக்கு ஆள் இல்லாமப் போச்சு. அகஸ்டாலெஸ் கல்வெட்டுகள் அந்த நூற்றாண்டோட ரெண்டாம் பாதியில அருகிப் போகுது. ஆனா குடும்ப வழிபாடு அதோட செத்துடல. கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்கு ஆதரவா மாறின பிறகும், 333க்கும் 337க்கும் நடுவுல, இத்தாலியில ஹிஸ்பெல்லம் ஊர்க்காரங்களுக்கு தன் ஃப்ளாவியஸ் குடும்பத்துக்குன்னு கோயில் கட்டிக்க அனுமதி குடுத்தார். விளையாட்டு நடத்தலாம், பூசாரி வச்சுக்கலாம், ஆனா பழைய பலிச் சடங்கோட தீட்டு அதுல படக்கூடாதுன்னு ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.